‘நான் எம்மாத்திரம்’ என்று கேட்ட மகளுக்கு

வந்த கேள்வி, சுருக்கமாக: “எனக்கு 27 வயது. தேன்கனிக்கோட்டை பக்கம் கிராமம். வீட்டில் பேசுவது கன்னடம், பள்ளியில் படித்தது தமிழ், அதுவும் பிளஸ் டூ வரைக்கும்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான்கு வருடமாகச் சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். மலைப்பக்கத்துக் கிராமங்களில் இருக்கிற எங்கள் சபைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் வேதம் சொல்லிக்கொடுக்கத்தான் தேவன் என்னை அழைக்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு பாரம். ஆனால் போன வருடம் பெண்கள் கூடுகையில் சாட்சி சொல்ல எழுந்து, பாதியில் வார்த்தை வராமல் உட்கார்ந்துவிட்டேன். என் தமிழைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். அன்றிலிருந்து ‘நான் எம்மாத்திரம்’ என்றே தோன்றுகிறது. இது தேவ அழைப்பா, என் ஆசையா? இந்தப் பயம் போகும்வரை காத்திருக்கலாமா?”

மகளே,

என் மகள் வயதுதான் உனக்கு, அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். தருமபுரியில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சபையில் பெண்கள் ஐக்கியத்திலும் ஞாயிறு பள்ளியிலும் என் முக்கால்வாசி வாழ்க்கை போயிருக்கிறது. நீ கேட்ட இதே கேள்வியைப் பல பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் கேட்டேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காத்திருக்காதே. ‘உன் பயமெல்லாம் போகட்டும், அப்புறம் அனுப்புகிறேன்’ என்று தேவன் யாரிடமும் சொன்னதாக நான் வேதத்தில் வாசித்ததில்லை.

நீ எழுதிய ‘நான் எம்மாத்திரம்’ என்ற வார்த்தை யாத்திராகமம் 3-ம் அதிகாரத்தில், இஸ்ரவேலரை எகிப்திலிருந்து அழைத்துவரத் தேவன் அனுப்பியபோது மோசே சொன்னது. உனக்கே தெரியும். ஆனால் அதற்கு வந்த பதிலை நின்று கவனித்தாயா? நாமாக இருந்தால் என்ன சொல்லுவோம்? ‘அப்படிச் சொல்லாதே மோசே, நீ பார்வோன் அரண்மனையில் வளர்ந்தவன், எகிப்து பாஷை தெரியும், நாற்பது வருடம் ஆடு மேய்த்த பொறுமை இருக்கிறது, உன்னால் முடியும்’ என்று தைரியம் சொல்லுவோம். தேவன் அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. “நான் உன்னோடே இருப்பேன்” என்றார், அவ்வளவுதான். மோசே எம்மாத்திரம் என்ற கணக்கையே அவர் எடுக்கவில்லை. கிதியோனுக்கும் இதே பதில்தான். எரேமியா ‘நான் சிறுபிள்ளை’ என்றபோதும் கடைசியில் வந்து நிற்பது ‘உன்னைக் காக்கும்படிக்கு நான் உன்னுடனே இருக்கிறேன்’ என்பதுதான்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்றைக்கு நம் பிள்ளைகள் மொபைலில் கேட்கிற பேச்சில் பாதி, ‘உன்னை நம்பு, உனக்குள் எல்லாம் இருக்கிறது’ என்ற ரகம். மேலே ஒரு வசனம் ஒட்டியிருக்கும். கேட்கிற அன்றைக்குச் சூடாக இருக்கும். இரண்டு நாள் கழித்து யாராவது சிரித்தால் அந்தச் சூடு அணைந்துவிடும். உன்மேல் உனக்கு நம்பிக்கை வரட்டும் என்று நீ ஜெபித்துக்கொண்டிருந்தால், அந்த ஜெபத்தை மாற்று. யார் உன்னோடு வருகிறார் என்பதைப் பற்றி ஜெபி.

இப்போது கிதியோன். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும், நம் ஊர்க்காரன் போலவே தெரிவான். நியாயாதிபதிகள் 6-ல் அவன் கோதுமையைப் போரடிக்கிற இடத்தைப் பார். நம் பக்கம் கேழ்வரகு அடிக்கிற நாளில் களத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேடான இடம், நாலு பக்கமும் திறந்த வெளி, காற்று வருகிற நேரம் பார்த்து முறத்தைத் தலைக்கு மேல் தூக்கித் தூற்றுவார்கள். உமி ஒரு பக்கம் பறக்கும், மணி காலடியில் கொட்டும். இல்லாவிட்டால் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டியெல்லாம் மிதித்துக்கொண்டு போகும். எப்படியும் வெளியில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற வேலை. கிதியோன் அதைத் திராட்சை ஆலையில் ஒளிந்து செய்கிறான். அந்தக் காலத்தில் திராட்சை ஆலை என்பது பாறையில் குடைந்த தொட்டி. காற்று வராது, தூசி கண்ணில் அடிக்கும், வியர்வையோடு உமி உடம்பெல்லாம் ஒட்டும். விளைச்சலைக் கொள்ளையடிக்க வருகிற மீதியானியர் கண்ணில் படாமல் நாலு படி கோதுமையைக் காப்பாற்றினால் போதும் என்ற நிலைமை. அந்தக் கோலத்தில் குனிந்து நிற்கிறவனைப் பார்த்துத்தான் தூதன், “பராக்கிரமசாலியே, கர்த்தர் உன்னோடே இருக்கிறார்” என்கிறான்.

அவன் சொன்ன பதில் உன் கடிதம் போலவே இருக்கிறது: என் குடும்பம் மிகவும் எளியது, என் தகப்பன் வீட்டில் நான் எல்லாரிலும் சிறியவன். தேவன் அதை மறுக்கவே இல்லை. “உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ” என்று அதற்கு முந்தின வசனத்திலேயே சொல்லிவிட்டார். இனிமேல் வரப்போகிற பலத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. குழிக்குள் நின்று பயந்து பயந்து கோதுமை அடிக்க எவ்வளவு பலம் இருந்ததோ, அதோடு போகச் சொல்கிறார்.

அதைவிட எனக்கு ஆறுதல் 27-ம் வசனம். ஊரார் கும்பிட்ட பாகால் தெய்வத்தின் பலிபீடத்தை இடிக்கச் சொன்னார் தேவன். கிதியோன் இடித்தான், ஆனால் ஊர்க்காரருக்குப் பயந்து பகலில் செய்யாமல் ராத்திரியில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் இடித்தான். ‘ஏன் ராத்திரியில் செய்தாய்’ என்று தேவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயத்தோடு செய்த கீழ்ப்படிதலும் கீழ்ப்படிதல்தான் மகளே. கை நடுங்கிக்கொண்டே செய்தாலும் வேலை நடந்தது.

உன் தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் உன்னை அதிகம் வாட்டுவது இதுதான் என்று எனக்குத் தெரிகிறது.

சில வருடங்களுக்கு முன் அஞ்செட்டி பக்கம் ஒரு கிராமத்தில், படுக்கையில் இருந்த எங்கள் சபைப் பாட்டி ஒருவரைப் பார்க்கப் போனோம். நான் ஆசிரியை, தமிழ் நன்றாக வரும். சங்கீதம் 23 வாசித்தேன், அழகாக ஜெபித்தேன். பாட்டி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், கண் என்னவோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்களோடு துணைக்கு வந்த சின்னப் பெண் ஒருத்தி, பத்தாவது முடிக்காதவள், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “அஜ்ஜி, ஊட்டா ஆய்த்தா?” என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள், வேறொன்றும் இல்லை. பாட்டி திரும்பினார். அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். மகன் பெங்களூரில் இருப்பது, மாடு விற்றது, ராத்திரியில் தூக்கம் வராமல் பயமாக இருப்பது, எல்லாம். கடைசியில் அந்தப் பெண் கன்னடத்தில் நாலு வரி ஜெபம் சொன்னாள். பாட்டி வாய்விட்டு ஆமென் சொன்னது அதற்குத்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய மொழி என்னிடம் இல்லை.

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கமெல்லாம் கன்னடமும் தெலுங்கும் வீட்டு மொழி என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1895-ல் மிசௌரி லுத்தரன் மிஷன் இந்தியாவில் தன் வேலையைத் தொடங்கிய இடமே நம் கிருஷ்ணகிரிதான். தியடோர் நேத்தரும் பிரான்ஸ் மோனும் வந்தார்கள். கடல் கடந்து வந்தவர்கள் எழுத்துக்கூட்டி நம் மொழியைப் படித்துத்தான் பேச வேண்டியிருந்தது. நேத்தர் 1904-ல் பிளேக் நோயில் கிருஷ்ணகிரியிலேயே இறந்தார். நம் தமிழர்களிலேயே வி. எஸ். அசரியாவைப் பார். திருநெல்வேலிப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். முப்பது வயதுக்கு மேல் தெலுங்கு கற்றுக்கொண்டு 1909-ல் தோர்னக்கல்லுக்குப் போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அப்படி வருடக்கணக்கில் உழைத்துத் தேட வேண்டிய ஒன்றை நீ உன் அம்மா மடியிலேயே வாங்கிவிட்டாய். மோசேயிடம் தேவன் “உன் கையில் இருக்கிறது என்ன” என்று கேட்டார். தினமும் பிடித்த ஆடு மேய்க்கிற கோல்தான் இருந்தது. உன் கையில் இருப்பது சிலர் சிரித்த அந்தக் கன்னடம் கலந்த பேச்சு.

பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவும் கலப்பு வீட்டுப் பிள்ளைதான். தாய் யூத ஸ்திரீ, தகப்பன் கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. பாட்டியும் அம்மாவும் வேதம் சொல்லி வளர்த்த பிள்ளை. அவனுக்கும் பயம் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பவுல் ஏன் மெனக்கெட்டு, ‘தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை’ என்று எழுதப் போகிறார்? அதற்கு முந்தின வசனத்தில் “அனல்மூட்டி” என்று ஒரு வார்த்தை வரும். விறகடுப்பு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். விடியற்காலையில் அடுப்பு செத்துப்போன மாதிரி இருக்கும், சாம்பலைக் கிளறினால் உள்ளே கங்கு சிவப்பாக இருக்கும். ஊதுகுழல் வைத்து ஊத வேண்டியதுதான். நான்கு வருடமாக ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் உன்னிடம் வந்து உட்காருகிறார்கள் என்றால், உன் அடுப்பில் கங்கு இருக்கிறது.

பாதியில் உட்கார்ந்த கதைக்கு என் கதை ஒன்று சொல்கிறேன். எனக்கு 24 வயது இருக்கும். பாலக்கோடு பக்கம் ஒரு பெண்கள் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எழுந்ததும் தாள் நடுங்கிற நடுக்கத்தில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. மூன்று நிமிடத்தில் ‘ஜெபிப்போம்’ என்று சொல்லிவிட்டேன். கூட்டம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் எல்லார் முன்னாலும், “இந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் வராது, சமையல் பொறுப்பைக் கொடுங்கள்” என்றார். இரண்டு வருடம் நான் சபையில் வாயைத் திறக்கவில்லை. அதைத் தாழ்மை என்று நானே நினைத்துக்கொண்டேன், மற்றவர்களும் மெச்சினார்கள். அது தாழ்மை இல்லை, காயம். இயேசு சொன்ன உவமையில், எஜமான் கொடுத்த தாலந்துப் பணத்தைப் புதைத்தவன் என்ன காரணம் சொன்னான் என்று மத்தேயு 25-ல் பார்: ‘நான் பயந்து, போய், புதைத்து வைத்தேன்.’ சோம்பலுக்கு முன்னால் அங்கே பயம்தான் இருந்தது.

என்னைத் திரும்ப எழுப்பியது பிரசங்கம் எதுவும் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசிக்கிற வயதான அம்மா ஒருவர் எங்கள் சபையில் இருந்தார். பைபிள் அம்மா என்போம். “என் பையைத் தூக்கிக்கொண்டு கூட வா, நீ ஒன்றும் பேச வேண்டாம்” என்றார். ஏழெட்டு மாதம் பை தூக்கினேன். ஒருநாள் பென்னாகரம் ரோட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில், “எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, இன்றைக்கு நீ வாசி” என்றார். வாசித்தேன். அடுத்த வாரம் ‘வாசித்ததில் உனக்குப் பிடித்ததை ஒரு வரி சொல்’ என்றார். அப்படித்தான் வந்தது. அவருக்கு அன்றைக்கு நிஜமாகவே தொண்டை கட்டியிருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

மாற்குவுக்கு இப்படித்தான் பர்னபா. பவுலும் பர்னபாவும் போன முதல் ஊழியப் பயணத்தில், அவர்களைப் பாதியில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பினவன் மாற்கு. அவனை மறுபடியும் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று பவுல் பிடிவாதமாக நின்றார், அதனால் பவுலும் பர்னபாவுமே பிரிந்தார்கள். பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு போனார். வருடங்கள் கழித்து அதே பவுல், “மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்” என்று எழுதுகிறார். உன் சபையில் உனக்குப் பர்னபாவாக இருக்கக்கூடிய ஒரு மூத்த பெண்மணி யார் என்று யோசி. மோசே ஐந்தாவது தடவை ‘வேறு யாரையாகிலும் அனுப்பும்’ என்றபோது தேவனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலும், ‘உன் அண்ணன் ஆரோன் உன்னைச் சந்திக்கப் புறப்பட்டு வருகிறான்’ என்றார். மோசே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதே துணைக்கு ஆள் வழியில் வந்துகொண்டிருந்தது.

இன்னொன்று. மோசே சொன்ன சாக்குகளில் ஒன்று, தான் திக்குவாய் என்பது. அந்தத் திக்குவாய் சரியானது என்று வேதத்தில் எங்கும் இல்லை. யாத்திராகமம் 6-ம் அதிகாரத்திலும் அதே குறையைச் சொல்லுகிறார். ஆனால் உபாகமத்தைத் திறந்தால், ‘மோசே இஸ்ரவேலர் எல்லாரோடும் சொன்ன வசனங்கள்’ என்றுதான் தொடங்குகிறது. கிட்டத்தட்ட புத்தகம் முழுக்க அவர் பேச்சு. நாற்பது வருடம் அந்த வேலையிலேயே நின்ற பிறகு வந்த பேச்சு அது.

அழைப்பா, ஆசையா என்று கேட்டாய். இரண்டையும் எதிரெதிராக வைக்காதே. விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று பிலிப்பியர் 2:13 சொல்கிறது, ஆசையே அவர் போட்டதாக இருக்கலாம். ஆனாலும் சோதித்துப் பார்க்க வேண்டும். நான் பிள்ளைகளிடம் கேட்பது இதுதான்: உன் கையில் மைக் தராவிட்டாலும், யாரும் போட்டோ எடுக்காவிட்டாலும், அந்த மலைக்கிராமத்துக்குப் போவாயா? இந்தப் பாரம் ஒரு கூட்டத்தில் அழுத அன்றைக்கு மட்டும் வந்ததா, ஷிப்ட் முடிந்து அலுத்து வருகிற நாளிலும் இருக்கிறதா? உன்னை நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பேர், உனக்கு இனிப்பாகப் பேச வேண்டிய அவசியம் இல்லாதவர்கள், இதை உன்னில் பார்க்கிறார்களா? நான்கு வருடமாகச் சம்பளம் இல்லாமல் நீ செய்கிற வேலையைப் பார்க்கும்போது, எனக்கு இது வெறும் ஆசையாகத் தெரியவில்லை. உன் போதகரிடமும் கேள்.

பிளஸ் டூ என்பதை நினைத்துக் குறுகாதே. நம் அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்துச் சித்திலிங்கியில் 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அதை மிஷனெரி ஊழியம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே பிரசவம் பார்க்கவும் நோயாளிகளைக் கவனிக்கவும் அவர்கள் பழக்கியது அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்த பழங்குடிப் பெண்களை. பெரிய படிப்பு இல்லாதவர்கள்தான், ஆனால் அந்த ஊர் வாசல் ஒவ்வொன்றும் அவர்களுக்குத் தெரியும். படிப்பு வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேலை செய்துகொண்டே தபால் வழி வேதபாடம் படி, நல்லது. பட்டம் வாங்கும்வரை காத்திருக்காதே, அதுதான் நான் சொல்வது. பணம் கட்டினால் ஊழியப் பட்டம் தருகிறோம் என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதே.

வேலையை இப்போது விடாதே. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரம் செய்து சம்பாதித்துக்கொண்டேதான் ஊழியம் செய்தார். உன் சம்பளத்தை நம்பி வீடு இருக்கும், கடன் இருக்கும். விசுவாசம் என்ற பெயரில் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஆறு மாதத்தில் அம்மா மளிகைக் கடையில் தலைகுனிந்து நின்றால், உன் சந்தேகம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். வாரத்தில் ஒரு மாலை, ஒரே ஒரு ஊர், ஆறு மாதம். அவ்வளவு போதும். தனியாகப் போகாதே. இயேசுவே சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். உன் வீட்டுக்கும் போதகருக்கும் நீ எந்த ஊரில், யார் வீட்டில் இருக்கிறாய் என்று தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகளோடு இருக்கும்போது கதவு திறந்திருக்கட்டும், அந்தப் பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒன்றைக் கவலையோடு கேட்கிறேன், உன் கடிதத்தில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். தூக்கம் வருகிறதா? சாப்பிட முடிகிறதா? ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பது ஊழியத்தில் மட்டும் இல்லாமல் எல்லாவற்றிலும் வாரக்கணக்கில் தோன்றினால், அது உடம்பும் மனசும் களைத்துப்போனதாக இருக்கலாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து ‘போதும் கர்த்தாவே’ என்றபோது தேவன் முதலில் அவனைத் தூங்க விட்டார், அடை சுட்டுக் கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார். பேச்சு அதற்கப்புறம்தான். அப்படி இருந்தால் டாக்டரைப் பார். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

சரி, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். உன் போதகரிடம் போய், எனக்கு எழுதியதை அப்படியே சொல், பயத்தையும் சேர்த்துச் சொல். பர்னபாவாக நீ நினைத்த அந்த அம்மாவிடம், என்னோடு வருகிறீர்களா என்று கேள். லூக்கா 15-ல் காணாமல்போன ஆட்டின் உவமை நாலைந்து வசனம்தான். அதை உன் அம்மாவுக்கு அடுப்படியில் கன்னடத்தில் ஒரு தடவை சொல்லிப் பார். ஆடு மேய்க்கிற ஊரில் அதற்கு விளக்கவுரை வேண்டாம். அப்புறம் சனிக்கிழமை மாலை முதல் வீட்டில், பிள்ளைகள் எத்தனை பேர் வந்தாலும், பத்து நிமிடம் அதையே சொல். நடுவில் வார்த்தை நின்றுபோனால், ‘அந்த ஆடு எங்கே போயிருக்கும்?’ என்று பிள்ளைகளிடம் கேட்டுவிடு. அவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அதற்குள் உனக்கு வார்த்தை திரும்பி வந்துவிடும். முப்பது வருடம் வகுப்பில் நான் செய்தது அதைத்தான்.

போய் வந்ததும் எனக்கு எழுது. எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், ஆடு எங்கே போயிருந்ததாம் என்று.